லாக்கில் எதுவும் இல்லை

ஹேமாவதி எதையும் நோட்டில் எழுதாமல் விடமாட்டாள். பகலில் தாலுகா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை, சாயங்காலம் ஸ்டேஷன் ரோட்டில் ஜாவா வகுப்பு. அங்கே படித்தது, புரியாதது, தப்பாகப் புரிந்துகொண்டது எல்லாம் தேதி போட்டு ஏறிவிடும். அதனால்தான், 2008 ஆடிக் கிருத்திகை முடிந்த திங்கட்கிழமை அந்த நோட்டைத் திருப்பியபோது, தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு வழியில்லாமல் போயிற்று. முந்தைய செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் அவள் கையெழுத்திலேயே இருந்தது: "லாக் எழுத இரண்டு ஜார் இருக்கிறது என்கிறது. எதை எடுக்கிறது என்று தெரியவில்லை. சாரிடம் கேட்க வேண்டும்."

கேட்டும் இருந்தாள்.

கிருத்திகைக் கூட்டத்தில் காணாமல் போகிறவர்களைப் பதிந்துவைக்க ஒரு நிரல் எழுதித் தருவதாக, வகுப்பு நடத்தும் ஸ்ரீகண்டன் ஒப்புக்கொண்டிருந்தார். பஸ் ஸ்டாண்டில் ஒரு கொட்டகை, மலையடிவாரத்தில் ஒரு கொட்டகை, இரண்டிலும் ஒவ்வொரு கம்ப்யூட்டர். இங்கே பதிந்த பெயர் அங்கே தெரிய வேண்டும். பெயரைப் பதிந்து அனுப்பும் பகுதியை ஹேமாவதி எழுதினாள். தேடும் பகுதி கூடப் படிக்கும் சுப்ரஜாவுடையது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தபோதுதான் சிக்கல் வந்தது.

நிரல் தன்னால் செய்ய முடியாமல் போனதை எழுதிவைக்கும் குறிப்புக்கு லாக் என்று பெயர். அதை எழுத ஹேமாவதி ஒரு ஜாரை, அதாவது வேறு யாரோ எழுதிக் கட்டிவைத்த ஜாவா நிரல்களின் கோப்பை, போட்டிருந்தாள். சுப்ரஜாவோ, திரையில் வரிவரியாக ஓடுவது எரிச்சலாக இருக்கிறதென்று, எந்தச் செய்தி வந்தாலும் வாங்கி விழுங்கிவிடுகிற இன்னொரு ஜாரைப் போட்டிருந்தாள். இரண்டும் ஒரே ஃபோல்டரில் வந்து உட்கார்ந்தன. ஜாவா இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கும். எதை என்பது, அந்தந்த மெஷினில் எது முதலில் கண்ணில் படுகிறதோ அதைப் பொறுத்தது.

"சார், ரெண்டு இருக்குதுன்னு சொல்லுது சார். ஒண்ண எடுத்துடட்டுமா?"

"எர்ரரா, வார்னிங்கா?"

"வார்னிங்தான் சார்."

"ஓடுதா?"

"ஓடுது சார்."

"அப்புறம் இன்னாம்மா? ஓடறத நோண்டாத. மூணு நாள்தான் இருக்குது."

சுப்ரஜா சிரித்தாள். "தாலி கட்டி முடிச்ச அப்புறமும் இவ நோட்டத் தொறந்து டவுட்டு கேப்பா சார்."

ஹேமாவதிக்கும் பயம்தான். அந்த ஜாரை எடுத்து, சுப்ரஜாவின் பகுதி படுத்துவிட்டால்? தனக்குத்தான் விஷயம் புரியவில்லையோ என்னவோ. வகுப்பு கம்ப்யூட்டரில் கேபிளைப் பிடுங்கிச் சோதித்தாள். லாக்கில் ஒழுங்காக வரி விழுந்தது. "சரி" என்று எழுதி அடிக்கோடிட்டாள். பஸ் ஸ்டாண்டுக் கொட்டகை மெஷினில் அதே சோதனையைச் செய்ய அவளுக்குத் தோன்றவில்லை.

ஏற்பாடு இதுதான்: பஸ் ஸ்டாண்டில் ஹேமாவதி, மலையடிவாரத்தில் சுப்ரஜா. இரண்டு கொட்டகையையும் இணைக்கும் லைன் அறுந்து பெயர் போய்ச் சேராவிட்டால் லாக்கில் வரி விழும். பார்த்ததும் செல்போனில் சுப்ரஜாவைக் கூப்பிட்டுப் பெயரைச் சொல்லிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை முழுக்க லாக் காலி. அது காலியாக இருப்பதே சந்தேகமாக இருக்க, இரண்டு முறை சும்மா கூப்பிட்டுக் கேட்டாள். இரண்டு முறையும் பெயர் போய்ச் சேர்ந்திருந்தது.

"லாக்குல வந்தா மட்டும் போன் பண்ணுடி. இங்க காவடிக்காரங்க மேலயே வுழறாங்க," என்று சுப்ரஜா வைதாள்.

சனிக்கிழமை பதினொன்றேகாலுக்கு ஒரு போலீஸ்காரர் பச்சையப்பனைக் கொண்டுவந்து விட்டுப் போனார். எழுபது வயதிருக்கும். ஆர்.கே.பேட்டையில் பவர்லூம் வீடு. தன் பெயர் தெரிந்தது, மகன் பெயர் நாகேந்திரன் என்று தெரிந்தது. வந்த வழியும் ஃபோன் நம்பரும் மறந்துபோயிருந்தன.

ஹேமாவதி பதிந்தாள். திரையில் "பதிவானது" என்று வந்தது. பக்கத்து நாற்காலியில் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

"அங்க உங்க பேரு போயிடும் தாத்தா. புள்ள வந்து கேட்ட உடனே இங்க அனுப்பிடுவாங்க."

"ஆங், கேப்பான். மொட்ட போட்டுகினு நின்னான். தலையெல்லாம் சந்தனம். பாத்தாலே தெரிஞ்சுடும்."

"இங்க எல்லாருமே மொட்டதான் தாத்தா."

அவர் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஆமா இல்ல?"

பன்னிரண்டு மணி. லாக் காலி. ஒரு மணி. லாக் காலி. "கேட்டாங்களாம்மா?" என்று அவர் கால் மணிக்கு ஒருதரம் கேட்டார். "இன்னும் இல்ல தாத்தா." அவள் ஃபோனைக் கையில் எடுத்தாள். சுப்ரஜாவின் குரல் ஞாபகம் வந்தது. வைத்துவிட்டாள். ஒன்றரைக்கு மேல் அவர் கேட்பதை நிறுத்தினார்.

"வேணான்னுதான் வுட்டுட்டுப் போயிருக்கான்," என்றார், யார்மீதும் குறையில்லாத குரலில். "நானும் எல்லாத்தையும் மறந்து மறந்து பூடறேன். அவனும் எத்தினி நாளுதான் பாப்பான்."

"அப்பிடிலாம் சொல்லாதீங்க தாத்தா."

வரிசையில் அழுதுகொண்டு நின்ற ஒரு பெண் சொன்னதைப் பதிந்துவிட்டு அவள் திரும்பியபோது நாற்காலி வெறுமையாக இருந்தது. டம்ளரை ஓரமாகக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார்.

மூன்று மணிக்கு மொட்டைத் தலையும் சந்தனமுமாக நாகேந்திரன் ஓடிவந்தான். திரையில் அப்பாவின் பெயரைப் பார்த்தான். "பதினொன்னேகாலா? பன்னெண்டுலேந்து நாலு தபா அங்க போயிக் கேட்டேம்மா! அப்பிடி யாருமே இல்லன்னு அனுப்பிச்சாங்களே!"

பந்தல் மூங்கில் ஏற்றிவந்த லாரி ஒன்று காலையிலேயே லைனை அறுத்திருந்தது. ரயில்வே ஸ்டேஷன், குளக்கரை, நகரி பஸ், எல்லா இடமும் தேடினார்கள். ஞாயிற்றுக்கிழமையும் போனது. பச்சையப்பன் கிடைக்கவில்லை.

திங்கள் மாலை கொட்டகை மெஷின் வகுப்புக்குத் திரும்பி வந்தது. ஹேமாவதி சுப்ரஜாவின் ஜாரை மட்டும் ஃபோல்டரிலிருந்து எடுத்தாள். வேறு எதையும் தொடவில்லை. லைன் இல்லாமலே ஓட்டினாள். போகாமல் கிடந்த பெயர்களை நிரல் மறுபடி அனுப்பப் பார்த்தது. இந்த மெஷின் இத்தனை நாள் எடுத்தது விழுங்குகிற அந்த ஜாரைத்தான்; இப்போது லாக்கில் வரி விழுந்தது: "பச்சையப்பன் – அனுப்ப முடியவில்லை." நிமிடத்துக்கு ஒன்றாக விழுந்துகொண்டே இருந்தது. சுப்ரஜாவின் பகுதியும் படுக்கவில்லை, ஜம்மென்று ஓடியது. மொத்தமே அரை நிமிட வேலை.

ஸ்ரீகண்டன் குரலைத் தாழ்த்தி, "லாரிக்காரன் அறுத்ததுக்கு நாம இன்னா பண்றது? வெளிய வாயத் தொறக்காத," என்றார்.

வாசலில் நாகேந்திரன் நின்றிருந்தான். மூன்று நாள் வெயிலில் மண்டைத்தோல் உரிந்திருந்தது. ஹேமாவதி எழுந்து போய்ச் சொல்லிவிட்டாள். பெயர் போகவில்லை. போகாதது தனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் போனது தன் தப்பு.

அவன் அதில் பாதியைக்கூடக் காதில் வாங்கவில்லை. "அத வுடும்மா. நான் தேடிகினு இருந்தது நைனாவுக்குத் தெரியுமா?"

"வேணான்னுதான் வுட்டுட்டுப் போயிருக்கான்" என்று பச்சையப்பன் சொன்னதை அவள் சனிக்கிழமைப் பக்கத்தில் சொல் மாறாமல் எழுதி வைத்திருந்தாள்.

"ஆங், தெரியும்ணா," என்றாள்.

அவன் முகம் தெளிந்தது. "அப்ப சரி. நான் தேடறேன்னு தெரிஞ்சா எங்கியும் போவமாட்டாரு. வுட்ட எடத்துக்கே வந்து உக்காந்துப்பாரு. சின்னதுல எனக்கே அதான் சொல்லிக் குடுத்தாரு. இனிமே ஊரெல்லாம் அலையல. பஸ் ஸ்டாண்டுலயே இருக்கறேன்."

அவனைக் கூப்பிட வேண்டும் என்று நினைத்தாள். அவன் அதற்குள் தெருமுனை திரும்பிவிட்டான்.

வீட்டுக்குப் போகும் கனகம்மாசத்திரம் பஸ் ஏழே முக்காலுக்கு. கொட்டகையைப் பிரித்துப்போட்ட இடத்தில், மூங்கில் நட்ட குழிகளுக்கு நடுவே, கிடந்த பலகை ஒன்றில் நாகேந்திரன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டிருந்தான். செவ்வாயும் இருந்தான். புதனும் இருந்தான்.

வியாழக்கிழமையிலிருந்து ஹேமாவதி பஸ் ஸ்டாண்டுக்குப் போவதை விட்டாள். அடுத்த ஸ்டாப்பிங் வரை நடந்துபோய் ஏறினாள். அதை அவள் நோட்டில் எழுதவில்லை.