நீண்டுபோன சதுரம்

என் நாத்தனாருக்கு என்னைக் கண்டால் ஆகாது. எனக்கும் அவள் ஒன்றும் வெல்லக்கட்டி இல்லை. ஆனால் லாரி ஏறி முழங்காலுக்குக் கீழே காலை இழந்தவள் அவள், செயற்கைக் கால் செய்யும் பட்டறையில் வேலை பார்ப்பவள் நான். வேறு யாரிடம் போவாள்?

அவளுக்கு அழகு நிலையத்தில் முடி வெட்டும் வேலை. நாளெல்லாம் நாற்காலியைச் சுற்றிச் சுற்றித் திரும்ப வேண்டும். திங்கட்கிழமை வராவிட்டால் அந்த இடத்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவதாக முதலாளியம்மா கறாராகச் சொல்லிவிட்டார்.

"அண்ணி, பூசணிக்காய் மாதிரி பண்ணிடாதீங்க. பேண்ட்டுக்குள்ள தெரியக் கூடாது" என்றாள். மகாராணி உத்தரவு.

மிச்சக் காலைச் செருகும் கூட்டை, கார்பன் இழையில் பின்னிய குழாய் உறையால் செய்கிறோம். மிச்சக் காலின் பிளாஸ்டர் அச்சின்மேல் அதை சாக்ஸ் போல மாட்டி, ரெசின் என்ற பிசினை ஊற்றி இறுக விடுவோம். பின்னலில் இழைகள் சாய்வாக ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும். உறையை இழுத்தால் கத்தரிக்கோல் மூடுவது போல அவை திரும்பி, நீளவாக்கில் படுத்துவிடும். அப்படிப் படுத்த இழை உடம்பின் கனத்தைத் தாங்கும், முறுக்கைத் தாங்காது. எவ்வளவு திரும்பியது என்று தெரியத்தான் உறையின் மேலும் கீழும் வெள்ளைப் பேனாவால் சின்னச் சதுரம் வரைந்து வைப்போம்.

அவள் காலுக்குப் பொருத்தமான உறை கையிருப்பில் இல்லை. அகலமானதை எடுத்து, அச்சோடு ஒட்டும்வரை இழுத்தேன். இழைகள் நெருங்கி, துணி கெட்டியாகத் தெரிந்தது. இவ்வளவு கெட்டிக்கு ஒரு அடுக்கே போதும் என்று இரண்டாவதை விட்டுவிட்டேன். மேல் சதுரத்தைப் பார்த்தேன், சரியாக இருந்தது. அங்கே அச்சு அகலம், அதனால் இருக்கத்தானே செய்யும். கீழே குனிந்து பார்க்க எனக்கு என்ன கேடு?

ஞாயிற்றுக்கிழமை காலை, புதுக் காலை மாட்டிக்கொண்டு, என் வீட்டுக்காரரை நாற்காலியில் உட்கார வைத்து அவருக்கு முடி வெட்டினாள். சுற்றிச் சுற்றி வந்தாள். அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததே இல்லை.

"உங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும் அண்ணி" என்று பேண்ட்டைத் தூக்கிக் காட்டினாள்.

கூட்டின் அடிப்பக்கம் இருந்த சதுரம் ஊசியாக நீண்டிருந்தது. முதல்முறையாக என்னை மெச்சியிருக்கிறாள், நானே அதில் மண்ணை அள்ளிப் போட வேண்டும்.

"கழட்டு. இது உடையும்."

"நல்லாத்தானே இருக்கு? நான் வேலைக்குப் போறது உங்களுக்குப் பொறுக்கலையா?"

"உன்கூட வாய்ச்சண்டை போட எனக்குத் தெம்பில்ல. பட்டறைக்கு வா, கண்ணால பாரு."

வந்தாள். பொருளை முறுக்கிப் பார்க்கும் இயந்திரத்தில் அந்தக் கூட்டை மாட்டினேன். நாற்காலியைச் சுற்றித் திரும்பும்போது விழும் முறுக்கை அதற்குக் கொடுத்தேன். சில நிமிடம் ஒன்றும் ஆகவில்லை. அவள் என்னை ஏளனமாகப் பார்த்தாள். பிறகு படக்கென்று ஒரு சத்தம். அடியிலிருந்து மேல்வரை நெட்டாக விரிசல்.

அவள் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"தப்பு என்னுதுதான். புதுசா செய்யறேன். உறை வந்து, ரெசின் இறுக வியாழக்கிழமை ஆயிடும். ரெண்டு அடுக்கு, கொஞ்சம் தடியாத்தான் இருக்கும்" என்றேன்.

அவள் முதலாளியம்மாவுக்குப் போன் போட்டாள். "திங்கட்கிழமை வர முடியாதும்மா... போட்டுக்கிட்டு வந்திருப்பேன், ஆனா கையில கத்தரிக்கோல் இருக்கறப்ப நான் விழுந்தா, உட்கார்ந்திருக்கறவங்க கதி என்ன?" அந்தப் பக்கம் பேசியதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். "சரிம்மா, அவங்களையே வெச்சுக்குங்க" என்று போனை வைத்தாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கையெல்லாம் இயந்திரத்தின் கிரீஸ், கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை.

"என் வேலைக்கு உலை வெச்சுட்டு நீங்க எதுக்கு அழறீங்க?" என்றாள். கோபம்தான், ஆனால் குரல் உடைந்தது. "ஆஸ்பத்திரியில கண் முழிச்சதுலேர்ந்து எல்லாரும் ஒண்ணும் ஆகாது, எல்லாம் சரியாயிடும்னே சொன்னாங்க. எங்கண்ணன் உட்பட. டாக்டரும்தான். உடையும்னு சொன்னது நீங்க ஒருத்திதான்."

இயந்திரத்தின் பிடியைத் தளர்த்தி, பிளந்த கூட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவள் விரிசலை விரலால் தடவிப் பார்த்தாள்.

"வியாழக்கிழமை குடுக்கறது உடையுமா?"

"உடையாது."

"சரி" என்று சொல்லிவிட்டு, அளவெடுக்கக் காலை நீட்டினாள்.