நீலப் பசை

மாட்டேன் என்று சொல்லத் தெரியாத ஆளா நல்லகாமன்? ஆனாலும் சின்னத்தாயின் மகள் கிருபை வீடு தேடி வந்து, "மாமா, அம்மாவோட நினைவுக் கூட்டத்துல ஆபீஸ் சார்பா நீங்கதான் பேசணும்" என்று நின்றபோது மறுக்க முடியவில்லை. நீளப் பின்னலைத் தோளில் போட்டிருந்த அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்காமலே தலையாட்டினார்.

எண்பத்தாறு ஜூலையில், அவனியாபுரம் சர்ச்சில் கூட்டம். போதகர் பேசினார். சனிக்கிழமைதோறும் சின்னத்தாய் சர்ச்சைக் கூட்டிப் பெருக்கியதும், பெரியாஸ்பத்திரியில் ஆள் அண்டாத நோயாளிகளுக்குக் கஞ்சி கொண்டுபோனதும், புருசன் போனபின் ஒற்றை ஆளாய் மகளை வளர்த்ததும் சொன்னார். முன் பெஞ்சில் வியர்த்துக்கொண்டிருந்த நல்லகாமனுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. சொல்வதா, விழுங்குவதா? அதுதான் அவருக்கு ஓடியது.

பதினோரு வருசத்துக்கு முன்னால் நடந்தது. சர்க்கார் ஆபீசில் சின்னத்தாய் டைப்பிஸ்ட். தபால் பிரிப்பதும் அவர்தான். நல்லகாமன் பியூன். மச்சினன் மனுவை டைப் அடித்துத் தரக் கேட்டார். "நாளைக்குத் தாரேண்ணே" என்ற சின்னத்தாய், சாப்பாட்டு நேரத்தில் சர்ச் நோட்டீஸ் அடித்துக்கொண்டிருந்தார். இம்புட்டுத்தான் விஷயம். அதற்குப் போய் மொட்டைக் கடுதாசி! சர்க்கார் மிஷினில் சர்ச் வேலை நடக்கிறது என்று இடது கையால் எழுதி, அதிகாரி பேருக்குத் தபாலில் போட்டார். கையெழுத்துத் தெரியக் கூடாதாம், பெரிய கெட்டிக்காரர்!

சின்னத்தாய்தான் அந்தக் கவரைப் பிரித்தார். படித்தார். கவரைத் திருப்பி ஓரத்தைப் பார்த்தார். கிழித்துப் போட்டிருந்தால் கேட்க நாதியில்லை. மற்றத் தபாலைப் போலவே முத்திரை குத்தி, நம்பர் போட்டு, அதிகாரி மேசையில் வைத்தார். "அடிச்சது வாஸ்தவம்தாங்கய்யா. தாளு என்னுது, மிஷின் ஆபீசுது" என்று ஒப்புக்கொண்டார். திருவாதவூர்ப் பக்கம் மாற்றிவிட்டார்கள். ரெண்டு வருசம், தினமும் ரெண்டு பஸ். விடியுமுன் கிளம்பினால் மகளுக்குத் தலை பின்ன நேரம் ஏது? ஏழு வயதுப் பிள்ளையின் முடியைக் கழுத்தோடு வெட்டிவிட்டார். பிள்ளை அழுத அழுகை ஆபீஸ் வரைக்கும் வந்து சேர்ந்தது. அன்றைக்கு நல்லகாமனுக்குச் சோறு இறங்கவில்லை.

பழைய இடத்துக்குத் திரும்பி வந்ததும் சின்னத்தாய் அவரிடம்தான் வந்து நின்றார். "நல்லகாமண்ணே, கிறிஸ்துமஸ் நட்சத்திரம் ஒட்டணும். நீங்க காய்ச்சுற பசை ஒரு டப்பா தாங்க." பூச்சி அரிக்காமலிருக்க, மைதாவில் மயில்துத்தம் போட்டு அவர் காய்ச்சுகிற பசை நீலம் பாரித்திருக்கும். அப்புறம் ஒவ்வொரு டிசம்பரும் கொடுத்தார்.

இப்போது போதகர் பேர் சொல்லி அழைத்தார். நல்லகாமன் எழுந்தார்.

"அந்தம்மாவைத் திருவாதவூருக்கு வெரட்டுன மொட்டைக் கடுதாசி... அது நான் எழுதுனது."

கிருபை பக்கம் திரும்பாமல் வெளியே வந்து செருப்பைத் தேடினார். கண்ணீர் மறைத்ததில் செருப்பு எங்கே தெரிகிறது?

கிருபை பின்னாலேயே வந்தாள். "அம்மாவுக்குத் தெரியும் மாமா."

"என்னாத்தா சொல்ற?"

"கவரை ஒட்டியிருந்தது நீலப் பசையாம். துத்தம் போட்டுக் காய்ச்சுறது நீங்க மட்டுந்தானாம். கடைசியா ஆஸ்பத்திரில கெடக்கும்போதுதான் எங்கிட்டச் சொன்னாங்க. உங்களைப் பேசக் கூப்பிடச் சொன்னதும் அவங்கதான்."

"தெரிஞ்சுமா வருசா வருசம் எங்கிட்டப் பசை வாங்குச்சு?"

"நானும் கேட்டேன். 'நானாப் போயி ஒண்ணு கேக்கலைன்னா, அந்த மனுசன் எம் மூஞ்சில எப்பிடி முழிப்பாரு'ன்னாங்க."

நல்லகாமன் சுவரைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளையாட்டம் அழுதார். கிருபை தடுக்கவில்லை.

"எனக்குக் கோவம் இருக்கு மாமா. இல்லைன்னு பொய் சொல்லமாட்டேன். அந்த முடிக்காக அம்புட்டு அழுதிருக்கேன்." தாவணி நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு குனிந்து, அவர் செருப்பைத் தேடி எடுத்து அவர் காலடியில் போட்டாள்.

"டிசம்பருக்குப் பசை வேணும். நானே வந்து வாங்கிக்கிறேன்."