கடலுக்குள் போன கோவா லொறி

பண்டாரவளையில் கோவா (முட்டைக்கோஸ்) முதலிய மரக்கறி வியாபாரம் செய்யும் மர்ஸூக் முதலாளியின் லொறி, தொலைபேசியில் மட்டும் படுவேகமாக ஓடும். மூட்டை ஏறிக்கொண்டிருக்கும்போதே, "பெரகலை தாண்டிருச்சு தம்பி" என்பார். கொழும்புப் புறக்கோட்டையில் அவரிடம் சரக்கு வாங்கும் ஜாபிர், கேட்டுக் கேட்டுக் காது புளித்து, 2008இல் மர்ஸூக் நானாவிடம் கறாராகச் சொல்லிவிட்டார்:

"லொறியில ஜி.பி.எஸ். பூட்டுங்க நானா. எங்க வருதுன்னு என் கண்ணால பார்க்கணும். இல்லாட்டி வேற ஆள்கிட்ட வாங்கிக்கிறேன்."

ஜாபிரை விட்டால் அத்தனை கோவாவையும் வாங்க ஆள் கிடையாது. பூட்டினார்.

முதல் லோடு மடுல்சீமையிலிருந்து. அங்கிருந்து பசறை, பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை, பெரகலை என்று வரிசையாகத் தாண்டித்தான் கொழும்புக்குப் போகவேண்டும். கடையில் கம்ப்யூட்டர் பார்க்கும் நிசாந்தினி, திரையில் சிவப்புப் புள்ளி இறக்கத்தில் பறப்பதைக் காட்டினாள். கொஞ்ச நேரத்தில் டிரைவர் பொன்னையா தோட்டத்து ஆபீசிலிருந்து பேசினார்.

"மொதலாளி, லொறி சேத்துல பொதஞ்சிருச்சுங்க. நாளைக்குக் காலையில டிராக்டர் வந்து இழுத்தாத்தான் உண்டு."

மர்ஸூக் திரையைப் பார்த்தார். புள்ளி பசறையைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"பொதஞ்ச லொறி எப்படிப் புள்ள ஓடுது?"

"அங்க சிக்னல் இல்லீங்க. தகவல் வராட்டி, கடைசியா ஓடின வேகத்துலயே கொழும்பு ரோட்டுல போகுதுன்னு கம்ப்யூட்டரே கணக்குப் போட்டு நகத்துது."

"அட, நம்ம ஆளு!" மர்ஸூக் பிளேன்டீக்குச் சொல்லிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார்.

மத்தியானம் தன் கடைத் திரையைப் பார்த்துவிட்டு ஜாபிர் பேசினார்: "பெரகலை தாண்டியாச்சு நானா! இப்பத்தான் மனுசனுக்கு நிம்மதி." மர்ஸூக் அடக்கமாக இருமினார். இரத்தினபுரி, அவிசாவளை என்று புள்ளி ஓடியது. மூட்டை இறக்க ஜாபிர் ஆட்களை வாசலில் நிறுத்தினார்.

பொழுது சாயும்போது மறுபடி மணியடித்தது.

"நானா! படத்துல லொறி என் கடையைத் தாண்டிப் போகுது. ரோட்டுல ஒன்னையும் காணோம். யா அல்லாஹ், கடலுக்குள்ள எறங்குது!"

மர்ஸூக் நிசாந்தினியை முறைத்தார். "எங்க நிக்கணும்னு அதுக்கு யாரும் சொல்லலீங்களே" என்றாள் அவள்.

"உண்மையச் சொல்லுங்க, லொறி எங்க?" ஜாபிர் கத்தினார். "இல்லாட்டி இத்தோட முடிச்சுக்குவோம்."

"மடுல்சீமை." சொன்ன பிறகு மர்ஸூக்குக்கே ஒருமாதிரி இருந்தது.

"சும்மா போங்க. நீங்க மடுல்சீமைன்னா, லொறியையே இன்னும் வாங்கலைன்னு அர்த்தம். அப்புத்தளைன்னாவது சொல்லுங்க."

"பசறை."

"பண்டாரவளை?"

"பதுளை. அதுக்கு மேல எனக்குக் கட்டாது தம்பி."

ஜாபிர் பெருமூச்சு விட்டார். "சரி, பதுளை. நாளைக்குப் பின்னேரம் கோவா இங்க இருக்கணும்."

போனை வைத்த மர்ஸூக் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"பதுளைக்குப் படிஞ்சிருச்சு புள்ள. கடல்லேருந்து எடுத்து அங்க வை."