பைலட்டின் கட்டைவிரல்

சோஃபாவுக்கு உறை தைக்கிறவள் விமானத்துக்கு உறை போட்டால் எப்படி இருக்கும் என்று நாத்தனார் கேட்டாள். சுருக்கமில்லாமல் இருக்கும் என்றேன். அவள் சிரிக்கவில்லை. கட்டிலில் கிடந்தவரைக் காட்டி, இதெல்லாம் யாருக்காக அண்ணி என்றாள். பதில் சொன்னால் சண்டையில் போய் நிற்கும் என்று இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

கட்டிலில் கிடந்தவர் என் வீட்டுக்காரர். ஏசி மெக்கானிக். ரிமோட்டில் பறக்கும் குட்டி விமானம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் அவருக்கு. கூட வேலை பார்ப்பவர்கள் பைலட் என்றே கூப்பிட்டார்கள். ஒரு நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். மூளையில் ரத்தக் கசிவு. உயிர் தப்பியது, மற்றதெல்லாம் போய்விட்டது. பேச்சில்லை, அசைவில்லை. கண் மட்டும் திறந்து கூரையைப் பார்த்தபடி இருக்கும். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உள்ள யாரும் இல்லம்மா, வீடு பூட்டிக் கிடக்குன்னு நெனச்சுக்குங்க" என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் பூட்டின வீடு என்றால் கதவைத் தட்டிப் பார்க்காமல் திரும்புகிற ரகமில்லை நான்.

நாத்தனாருக்கு அண்ணன் என்றால் உயிர். பகலில் அவள்தான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டாள். அவளே ஒரு நாள், பராமரிப்பு இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்றாள். யாருமே இல்லாத உடம்புக்கு நாம் இரண்டு பேரும் சாக வேண்டுமா என்றும் கேட்டுவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. மாதக் கடைசி வரை பொறு என்றேன். அதற்குள் அவர் உள்ளே இருக்கிறார் என்று காட்டிவிட வேண்டும். எப்படி என்பது எனக்கே தெரியாது. அலமாரி மேல் அவர் பாதியில் விட்ட விமானம் இருந்தது. அதை அவர் காது பக்கத்திலேயே வைத்துச் செய்து முடிப்போம், தப்பாகச் செய்தால் பொறுக்காமலாவது எழுந்து வரட்டும் என்று நினைத்தேன்.

உடலும் வாலும் முடிந்திருந்தன. இறக்கை மட்டும் வெறும் விலா எலும்பாக நின்றது. பால்சா என்கிற, எடையே தெரியாத மரத்தில் சீவின எலும்புகள். அவற்றின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போட்டு மிதமான சூட்டில் தேய்த்தால் ஒட்டி, இழுத்து, விறைப்பாகிவிடும். தேய்த்துக்கொண்டே அவரிடம் வாய் ஓயாமல் பேசினேன். பிசின் பாட்டிலை மூடாமல் விட்டதற்குத் திட்டினேன். இறக்கையின் அடியில் இரண்டு விரலை வைத்துத் தூக்கினால் விமானம் சாயாமல் நிற்க வேண்டும். வால் தொங்கியது. மூக்கில் ஈயத்துண்டு வைத்துச் சரிசெய்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பேட்டரி மாட்டின மத்தியானம்தான் முதல் தடவை அது நடந்தது. ரிமோட்டில் இரண்டு குச்சிகள். இடது கட்டைவிரலால் தள்ளுவது மோட்டாரின் வேகத்துக்கு, வலது கட்டைவிரலால் தள்ளுவது சாய்வதற்கும் ஏறி இறங்குவதற்கும். கட்டில் மேலேயே விமானத்தை வைத்து, வலது குச்சியை வலப்பக்கம் தள்ளினேன். இறக்கை ஓரத்து மடல்கள் அசைந்தன. போர்வை மேல் கிடந்த அவருடைய வலது கட்டைவிரல் இடப்பக்கம் நகர்ந்தது.

கண்ணை நம்பாமல் இன்னொரு தடவை தள்ளினேன். அது மறுபடியும் இடது பக்கம் போனது. நான் இடப்பக்கம் தள்ள, விரல் வலப்பக்கம் வந்தது. ஏட்டிக்குப் போட்டிதான் இந்த மனுஷனுக்கு எப்போதும் என்று நினைத்துக்கொண்டே குனிந்தேன். மடல்களைப் பார்த்தேன். வலது பக்கம் தள்ளினால் வலது இறக்கையின் மடல் மேலே எழ வேண்டும். இதில் கீழே இறங்கியது. வயரைத் தலைகீழாக இணைத்திருந்தேன். இப்படியே பறக்கவிட்டிருந்தால் எழும்பின வேகத்தில் புரண்டு மண்ணில் குத்தியிருக்கும். மாற்றி இணைத்துவிட்டுத் தள்ளியபோது விரல் அசையவே இல்லை.

நாத்தனாரிடம் சொன்னேன். நரம்பு இழுப்பு அண்ணி, டாக்டர் அப்போதே சொன்னாரே என்றாள். என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மூடிக் கிடந்த தொழிற்சாலைக்குப் பின்னால் லாரிகள் நிறுத்தும் காலி மைதானம் ஒன்று உண்டு. அவர் பறக்கவிடுவது அங்கேதான். கூடப் போய்ப் போய் எனக்கும் ஓரளவு கை பழகியிருந்தது. காற்று அடங்கின ஒரு காலை விமானத்தைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போனேன். மோட்டார் சத்தம் அவருக்குக் கேட்கட்டும் என்று நாத்தனாருக்குப் போன் போட்டு, அவர் காதருகே வைக்கச் சொல்லி, என் போனை ஸ்பீக்கரில் போட்டு, மேலே மாட்டியிருந்த அவர் சட்டையின் பையில் வைத்தேன்.

விமானம் ஓடி, தாவி, எழும்பியது. சுற்றி என்னை நோக்கித் திரும்பியபோது புதியவர்கள் எல்லாரும் செய்யும் தப்பைச் செய்தேன். எதிரே வரும் விமானத்துக்கு இடமும் வலமும் மாறிவிடும். நான் தள்ளியது தப்பான பக்கம். இறக்கை செங்குத்தாகி, தலைகுப்புற இறங்க ஆரம்பித்தது. பயத்தில் இரண்டு விரலையும் எடுத்துவிட்டேன்.

விமானம் நிமிர்ந்தது. சாவகாசமாக ஒரு வட்டம் போட்டது. அப்புறம் இன்னொன்று, முன்னதைவிட அழகாக. என் விரல்கள் அந்தரத்தில் நின்றன. குச்சிகள் மட்டும் தாமாக அசைந்துகொண்டிருந்தன.

சட்டைப்பையிலிருந்து நாத்தனாரின் குரல் நடுங்கிக்கொண்டு வந்தது. "அண்ணி, ரெண்டு கட்டைவிரலும் ஆடுது. நிறுத்தவே மாட்டேங்குது. இது இழுப்பு இல்ல அண்ணி."

நான் அழுதேன், சிரித்தேன், அந்த வெட்டவெளியில் பைத்தியம் மாதிரி கையைத் தட்டினேன். இருக்கிறார். உள்ளேதான் இருக்கிறார். பராமரிப்பு இல்லமாவது மண்ணாங்கட்டியாவது. அவ்வளவு சந்தோஷமாக என் கல்யாணத்தன்று கூட நான் இருந்ததில்லை.

பேட்டரி தீரப்போகிறது என்று ரிமோட் கத்த ஆரம்பித்தது. "போதும், இறக்குங்க" என்றேன். விமானம் வட்டத்தை விட்டு நேராகப் போனது. தொழிற்சாலைக் கூரையைத் தாண்டி ஏறியது. வெள்ளை இறக்கை சிறுத்துக்கொண்டே போனது. திரும்புங்க, திரும்புங்க என்று போனைப் பார்த்துக் கத்தினேன்.

"மூச்சு ரொம்ப மெதுவா வருது அண்ணி" என்றாள். "ஆனா மொகம் எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா."

அவர் எங்கே போகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தபின் நான் யோசிக்கவில்லை. மோட்டாரை நிறுத்தும் சுவிட்சைத் தட்டினேன். அப்படியும் அது மிதந்துகொண்டே போனது. வலது குச்சியைப் பிடித்து இழுத்தேன். விரல் பட்டாலே நகர வேண்டிய குச்சி இரும்பாகக் கனத்தது. மறுமுனையில் ஒருவர் பிடித்துக்கொண்டு இழுத்தார். நானும் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, வாயில் வந்த எல்லா வார்த்தையாலும் அவரைத் திட்டிக்கொண்டு இழுத்தேன். சட்டென்று குச்சி இளகியது. விமானம் திரும்பி வந்து புல்லில் மோதிச் சக்கரத்தை ஒடித்துக்கொண்டு நின்றது.

மூச்சு பழையபடி வந்துவிட்டது என்றாள் நாத்தனார்.

வீட்டுக்குப் போனதும் அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். இனிமேல் இல்லத்தின் பேச்சே எடுக்க மாட்டேன், டாக்டரை இங்கேயே வரவழைத்துக் காட்டுவோம் என்றாள். நான் கேட்டது கிடைத்துவிட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவர் கண் கூரையில் இல்லை. தலை திரும்பாமலே கண் மட்டும் ஜன்னல் பக்கம் ஒதுங்கியிருந்தது. நான் ஜன்னலை மறைத்து நின்றபோது கண்ணை மூடிக்கொண்டார். காதோரம் ஈரமாக இருந்தது. துடைத்துவிட்டேன். உள்ளே இருப்பவருக்கு அங்கே எப்படி இருக்கும் என்று அதுவரை நான் ஒரு தடவை கூட நினைத்துப் பார்க்கவில்லை.

சக்கரத்தைச் சரிசெய்துவிட்டேன். பேட்டரியும் நிறைந்து கிடக்கிறது. தினமும் விடிந்ததும் அவருடைய இடது கட்டைவிரல் போர்வை மேல் மெல்ல மேலே நகர்ந்து, அதற்கு மேல் போக முடியாத இடத்தில் நிற்கும். முழு வேகம். நாத்தனார் அதை டாக்டருக்குக் காட்டச் செல்போனில் படம் பிடிக்கிறாள். நான் போர்வையை இழுத்து அந்தக் கையை மூடிவிடுகிறேன்.

இன்றைக்கும் காற்று அதிகம், நாளைக்குப் பார்க்கலாம் என்று சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே மரத்தில் ஓர் இலை கூட அசையவில்லை. அதைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.