எட்டுக்கால் பூச்சி

கூட்டை உடைக்கும் வேலையை மகள் குயிலியிடம் கொடுத்திருந்தாள் ரேவதி. கிணற்றடியில் மோட்டார் சுவிட்சுப் பெட்டிக்குக் கீழே குளவி கட்டியிருந்த மண்கூடு அது. சொப்புப் பானை ஒன்றைச் சுவரில் ஒட்டிவைத்த மாதிரி இருந்தது. சென்னையிலிருந்து இரண்டு காரில் வந்திருந்த அப்பா அம்மாக்களும் பிள்ளைகளும் முருங்கை நிழலில் நெருக்கியடித்து நின்றார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கிறவர்கள். ரேவதி முகநூலில் எழுதிவரும் ‘கொல்லைப்புறப் பாடம்’ குறிப்புகளைப் படித்துவிட்டு வந்தவர்கள். காஞ்சிபுரத்துக்கு வருகிறவர்கள் வரதரைப் பார்ப்பார்கள், பட்டு எடுப்பார்கள். ஒரு கொல்லையைப் பார்க்கவென்று வந்த முதல் ஆட்கள் இவர்கள்தான். அதனாலேயே காலையிலிருந்து ரேவதிக்குக் கால் தரையில் பாவவில்லை.

குயிலி கத்தி முனையால் கூட்டின் மூடியை நெம்பினாள். பன்னிரண்டு வயதுக் கைக்கு அந்த நிதானம் எப்படி வந்தது என்று எல்லோரும் பார்க்கவேண்டும் போலிருந்தது ரேவதிக்கு. உள்ளே பச்சைப் புழுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் திணிக்கப்பட்டிருந்தன. குயிலியின் தம்பி பாலன் பூதக்கண்ணாடியை நீட்டி, “நகராதுங்க, ஆனா சாவல” என்று எல்லோருக்கும் அறிவித்தான்.

“சொல்லுவாங்க இல்ல, குளவி புழுவைக் கொட்டிக் கொட்டித் தன்னை மாதிரியே குளவியா மாத்திடும்னு?” என்றாள் கைத்தறிப் புடவை கட்டிய ஒருத்தி. “நல்ல குருவுக்கு அதைத்தான் உதாரணம் சொல்லுவாங்க. நீங்க பண்றதும் அதான் ரேவதி.”

ரேவதிக்கு உச்சி குளிர்ந்தது. ஆனாலும் அவள் விலங்கியல் படித்தவள். இந்தப் பேச்சு யார் வாயிலிருந்தாவது வரும் என்று காத்திருந்தவள்கூட. “குயிலி, ஆன்ட்டிக்குச் சொல்லு. நெஜமா என்ன நடக்குது?”

“புழு குளவியா மாறாது ஆன்ட்டி,” என்றாள் குயிலி. “குளவி இதுக்குள்ள முட்டை வெச்சிருக்கும். அதோட குஞ்சு இந்தப் புழுவைத் தின்னுத்தான் வளரும். செத்துப்போனா அழுகிடும், இல்ல? அதனால சாவாம, நகராம இருக்கற மாதிரி கொட்டி வெச்சிருக்குது. வெளிய வர்றது வேற. உள்ள போனது வெளிய வராது.”

கைத்தறிப் புடவைக்காரி கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். “என்ன கிளாரிட்டி! ஸ்கூல், டெஸ்ட், ஒரு தொல்லையும் இல்ல உனக்கு. ஹாப்பியா இருக்கியா?”

குயிலி கத்தியைப் பாவாடையில் துடைத்தாள். “அம்மா ஹாப்பியா இருக்காங்க ஆன்ட்டி.”

எல்லோரும் சிரித்தார்கள். ரேவதியும் சிரித்தாள். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவளுடைய சிரிப்பு கொஞ்ச நேரம் தனியாக ஓடிக்கொண்டிருந்தது.

கார்கள் கிளம்பிய பிறகு, அந்த மதியமே அவள் வழக்கம்போலக் குறிப்பை எழுத உட்கார்ந்தாள். புழு, கூடு, குயிலியின் விளக்கம் எல்லாம் மளமளவென்று வந்தன. கடைசிக் கேள்வியில் விரல் நின்றது. கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘அம்மாவும் நானும் ஹாப்பியா இருக்கோம் ஆன்ட்டி’ என்று எழுதினாள். ஒரே ஒரு சொல் கூடுதல். பிள்ளை மனசில் நினைத்தது அதுவாகத்தான் இருக்கும், வாயில் பாதிதான் வந்திருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் இருநூறு பேர் இதயக்குறி போட்டார்கள்.

பள்ளிக்கூடம் வேண்டாம் என்று அவள் முடிவெடுத்த கதையை அந்த இருநூறு பேரும் அறிவார்கள். மனப்பாடக் கல்வி, மதிப்பெண் வெறி, கொரோனாவில் பிள்ளைகள் கொல்லையில் கற்றுக்கொண்டது எல்லாம் விவரமாக எழுதியிருக்கிறாள். எழுதாதது ஒன்று உண்டு. அதற்கு முன்னால் அவள் ஊரில் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் டீச்சராக இருந்தாள். எறும்புப் புற்றைக் காட்ட ஒருநாள் ஏழாம் வகுப்பை வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனாள். தாளாளர் மாடியிலிருந்து இறங்கி வந்து, “மேய்க்கிற வேலைன்னா வேற எடம் பாருங்கம்மா, இது ஸ்கூலு” என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். மாகறலில் மாடு வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவளுக்கு அந்தச் சொல் எங்கே போய்க் குத்த வேண்டுமோ அங்கே குத்தியது. வகுப்புக்குத் திரும்பி, கைடைப் பார்த்து விடைகளைச் சொல்லிக்கொண்டே போனாள். பிள்ளைகள் சந்தோஷமாக எழுதிக்கொண்டார்கள். அந்த மார்ச்சில்தான் ஊரடங்கு வந்தது. பள்ளிகள் திறந்தபோது அவளும் போகவில்லை, பிள்ளைகளையும் அனுப்பவில்லை.

கணவன் இளவரசன் வாலாஜாபாத்தில் விதை, உரக்கடை வைத்திருக்கிறான். “டீச்சர் நீ. நான் என்னத்தைக் கண்டேன்” என்று அன்றைக்குச் சொன்னவன்தான், அதற்குமேல் பேசவில்லை. ரேவதி கொல்லையைக் கொத்தவிடவில்லை, சிமென்ட் போடவிடவில்லை. செண்பகப் பறவை வந்தது, தவிட்டுக் குருவிகள் கூட்டமாக வந்து சண்டை போட்டன, கீரி ஒன்று வேலியோரம் குடியிருந்தது. முருங்கையில் கம்பளிப்பூச்சி இறங்கும் காலத்தில் தெருவில் எல்லோரும் பந்தம் கட்டிக் கொளுத்த, இவள் மட்டும் பிள்ளைகளை உட்காரவைத்து ரோமத்தை வரையச் சொன்னாள். பக்கத்து வீட்டு பல்கீஸ் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, “ரேவதிக்கா, உங்க ஸ்கூலு பசங்க கும்பலா எங்க வீட்டுக்கு வந்துட்டாங்க. கொஞ்சம் கூப்பிட்டுக்கோங்க” என்பாள்.

மறுநாள் மதியம் ரேவதிக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. குயிலியின் பாய் காலியாக இருந்தது. கொல்லையிலும் இல்லை. மதிலோரக் கல்லின் மேல் ஏறி எட்டிப் பார்த்தாள். பல்கீஸ் வீட்டுப் பின்கட்டு ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே பல்கீஸின் மகள் அஃப்ஷீன், துப்பட்டாவை டீச்சர் மாதிரி குத்திக்கொண்டு, கையில் ஸ்கேலோடு நின்றாள். எதிரே குயிலி. அஃப்ஷீனுடைய பள்ளிச் சீருடை, மெரூன் கட்டம் போட்ட சுடிதார், மேலே கோட்டு, இரட்டைப் பின்னல், சிவப்பு ரிப்பன். அந்தக் கட்டத்தை ரேவதி எந்தக் கூட்டத்திலும் அடையாளம் காண்பாள். வேப்பமரத்தடியில் சிரித்த பிள்ளைகள் போட்டிருந்த கட்டம். ஸ்கேல் உயர்ந்தது. குயிலி கையை நீட்டினாள். பட்டென்று சத்தம் கேட்டது. குயிலியின் முகத்தில் வலி இல்லை. கோயிலில் தீர்த்தம் வாங்குகிற முகம்.

“தெனமும் வருதுக்கா,” என்றாள் பல்கீஸ், துணி உலர்த்திக்கொண்டே, இவள் தலையைப் பார்த்துவிட்டு. “நீங்க தூங்கற நேரம். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். அல்லா, இதுக்குப் போயி ஏன் இப்படி நிக்கறீங்க? பசங்க வெளையாடுதுங்க.”

“எத்தனை நாளா?”

“அதை யாரு கணக்கு வெச்சா? உங்க பொண்ணு நல்லாத்தான் படிக்குதுக்கா. இவ கைடு பூராவும் அதுக்கு மனப்பாடம். எங்களுது ஒரு வரி சொல்ல மாட்டேங்குது.”

மதிலிலிருந்து இறங்கும்போது ரேவதியின் செருப்பு கல்லிலேயே தங்கிவிட்டது. அவள் அதை எடுக்கவில்லை.

குயிலி வீட்டுப் பாவாடையில் திரும்பி வந்தாள். ரிப்பனை அவிழ்க்க மறந்திருந்தாள்.

“அந்த யூனிஃபார்ம் எந்த ஸ்கூலுதுன்னு தெரியுமில்ல உனக்கு?” என்றாள் ரேவதி.

“தெரியும்.”

“அங்க என்னை என்ன சொன்னாங்கன்னும் தெரியுமில்ல?”

“தெரியும். அடுப்புகிட்ட நின்னுக்கினு நீயே சொல்லிக்குவியே. மேய்க்கறதுன்னு.” குயிலி ரிப்பனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். “அவரு உன்னத்தானம்மா சொன்னாரு. என்னை ஒண்ணும் சொல்லலியே. நான் அங்கயே படிக்கறேம்மா.”

 இங்கே உனக்கு என்ன குறை, எந்தப் பிள்ளைக்கு இந்தக் கொல்லை கிடைக்கும், யார் உன்னை மிரட்டுகிறார்கள் என்று ரேவதி அடுக்கினாள். குயிலி குறுக்கே பேசாமல் முழுதும் கேட்டாள். அப்படிக் கேட்கவும் ரேவதிதான் பழக்கியிருந்தாள்.

“நான் எறும்பைப் பாக்கறேன். நீ என்னையே பாத்துக்கினு இருக்கற. நான் ஒண்ணு கேட்டா ஓடிப்போயி எழுதற. அதான் இப்பல்லாம் நான் ஒண்ணும் கேக்கறதே இல்ல. அதுகூட உனக்குத் தெரியல,” என்றாள். அப்புறம், “நேத்து நீ போட்டதைப் பல்கீஸ் ஆன்ட்டி போன்ல படிச்சேன். நான் அப்படிச் சொல்லலம்மா.”

ரேவதியின் கை தானாக உயர்ந்தது. பிள்ளைகள்மேல் இதுவரை உயராத கை. குயிலி விலகவில்லை, முகத்தை மறைக்கவில்லை. பழகிய ஒழுங்கோடு உள்ளங்கையை நீட்டினாள். உள்ளங்கையில் ஸ்கேலின் தடம் இன்னும் சிவந்திருந்தது.

அன்று இரவு இளவரசன் சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டான். பிள்ளை என்ன சொன்னாள் என்று ரேவதி முழுதாகச் சொல்லவில்லை. பள்ளிக்குப் போகக் கேட்கிறாள் என்பதோடு நிறுத்திக்கொண்டாள். அவன் ரசத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு, “சேத்துடு ரேவதி. பசிக்குதுன்னு வாய் தொறந்து கேக்குது. இது உடம்புக்கு ஆவாதுன்னா சொல்லுவ?” என்றான்.

“அந்த ஸ்கூலேதான் வேணுமாம்.”

“அஃப்ஷீன் அங்கதான படிக்குது. வேற எங்க கேக்கும்?”

அதற்குப் பிறகான நாட்களில் ரேவதி எதுவும் எழுதவில்லை. என்ன ஆச்சு, உடம்பு சரியில்லையா என்று கைத்தறிப் புடவைக்காரி கேட்டிருந்தாள். கொல்லையில் பாலன் ஓணானோடு தனியாகப் பேசிக்கொண்டிருந்தான். குயிலி வீட்டு வேலையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தாள். அந்தப் பணிவைத்தான் ரேவதியால் தாங்கமுடியவில்லை. இந்தப் பள்ளியில் இடம் இல்லை என்று சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும் என்று ஒரு காலையில் நினைத்தாள். தேர்வு வைப்பார்கள், மூன்று வருஷமாகப் பரீட்சையே எழுதாத பிள்ளை திணறும், அழுதுகொண்டு வரும், கட்டிக்கொள்ளலாம். நினைத்த பிறகு, தான் தோசை திருப்பிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். தோசை கருகியிருந்தது.

ஜூன் முதல் வாரம் இருவரும் போனார்கள். ரேவதி இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டாள். தாளாளர் அதே ஆள்தான், தலைமட்டும் முழுக்க நரைத்திருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்லவேண்டிய பதிலை வருஷக்கணக்காகத் தயார் செய்து வைத்திருந்தாள். அவர் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

“ஊர்லயே இருக்கீங்களா மேடம்? எம்.எஸ்ஸி. ஸுவாலஜி, பி.எட். வேற. எங்கனா வொர்க் பண்ணியிருக்கீங்களா?”

அவருக்கு அவளை நினைவில்லை. அந்தச் சொல்லும் நினைவிருக்காது. ரேவதி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். “இல்ல சார். வீட்லதான்.”

“எங்களுக்கு சயின்ஸுக்கு ஆளு தேவைப்படுது. யோசிங்க.” அவர் குயிலி பக்கம் திரும்பினார். “ஏழாவதுக்கு வர்ற. இத்தனை வருஷம் ஸ்கூலே போவல. ஒண்ணு ரெண்டு கேட்டுத்தான் சேக்க முடியும், சரியா? பதில் வரலைன்னா கீழ் கிளாஸ்தான். எங்க, பூச்சிங்க பேரு அஞ்சு சொல்லு.”

குயிலி எழுந்து நின்றாள். கைகளை மார்புக்குக் குறுக்கே இறுக்கிக் கட்டிக்கொண்டாள். வீட்டில் யாரும் அவளை அப்படி நிற்கச் சொன்னதில்லை. கண் சுவரில் எங்கோ நிலைத்தது. உடம்பு லேசாக முன்னும் பின்னும் ஆட, ஒரே மூச்சில் வந்தது. “ஈ, எறும்பு, கொசு, வண்டு, எட்டுக்கால் பூச்சி.”

ரேவதிக்கு அந்தக் கைடு தெரியும். அந்த வரிசையும் தெரியும். குயிலிக்கு ஒன்பது வயசில் பல்கீஸ் ஒருநாள் ‘எட்டுக்கால் பூச்சி’ என்று அலறியபோது, ‘எட்டுன்னு பேருலயே இருக்குதே ஆன்ட்டி, பூச்சிக்கு ஆறு காலுதான’ என்று கேட்டவள் இவள். ரேவதி எழுதிய முதல் குறிப்பே அதுதான். எழுதத் தொடங்கியதே அதனால்தான்.

“குட்,” என்றார் தாளாளர். “சுத்தமா சொல்லுது. என்ன மேடம், சரிதான? உங்க சப்ஜெக்ட்டாச்சே.”

குயிலி திரும்பி அம்மாவைப் பார்த்தாள். கட்டிய கைகளை அவிழ்க்கவில்லை. தவறென்று அவளுக்குத் தெரியும். தெரியும் என்று அம்மாவுக்குத் தெரியும் என்பதும் தெரியும். அந்தக் கண்ணில் கெஞ்சல் எதுவும் இல்லை. காத்திருந்தாள், அவ்வளவுதான். முழங்கைக்கு மேல் பதிந்திருந்த விரல் நுனிகள் மட்டும் வெளுத்திருந்தன.

“சரிதான் சார்,” என்றாள் ரேவதி.

அவர் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போதே வெளியே மணி அடித்தது. ஒவ்வொரு வகுப்பாகத் திறந்து, சத்தம் தாழ்வாரமெங்கும் கொட்டியது. மெரூன் கட்டங்கள் ஜன்னலை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடின. குயிலி மெல்ல அந்தப் பக்கம் திரும்பினாள். கழுத்து நீண்டது, உதடு பிரிந்தது, இமைக்க மறந்த கண் ஒவ்வொரு முகமாகப் பிடித்துப் பிடித்து விட்டது. மூச்சு விட்டால் பறந்துவிடும் என்பதுபோல அசையாமல் நின்றாள். அவளை அப்படி ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்றுதான் மூன்று வருஷமாக ரேவதி முருங்கையடியில் உட்கார்ந்திருந்தாள்.