பூஜ்யம் போட்டவன்

கம்ப்யூட்டர் வகுப்பில் நான் பொருளாதாரக்காரன். பொருளாதார வகுப்பில் கம்ப்யூட்டர்காரன். இரண்டையும் சேர்த்துப் படிப்பதில் ஒரு சௌகரியம். எங்கே உளறினாலும், பாவம், அந்தப் பக்கத்துப் பையன் என்று விட்டுவிடுவார்கள். தலைக்கனத்துக்கு மட்டும் குறைச்சலே இல்லை.

இந்த வருஷம் விடுதி அறைகளை யாருக்கு ஒதுக்குவது என்று வார்டன் திண்டாடியபோது, "நான் ப்ரோக்ராம் எழுதித் தர்றேன் சார்" என்று முந்திக்கொண்டது அந்தத் தலைக்கனம்தான். குடும்ப வருமானம் குறைந்தவர்களுக்கு முதலில் அறை. அவ்வளவுதான் கணக்கு.

பட்டியல் வந்தது. என் அறைத்தோழன் ஒல்லியின் பெயர் அதில் இல்லை. அப்பா இல்லாதவன், அம்மா தையல் வேலை. விடுதி இல்லையென்றால் அவன் படிப்பும் இல்லை. காரில் வந்து இறங்கும் டாக்டர் மகனுக்கோ முதல் அறை.

லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். வருமானத்தை எழுதாமல் காலியாக விட்டவர்களுக்கெல்லாம் என் ப்ரோக்ராம் பூஜ்யம் போட்டிருந்தது. டாக்டர் மகன் சொல்ல இஷ்டமில்லாமல் விட்டதை, சோற்றுக்கே வழியில்லை என்று எடுத்துக்கொண்டுவிட்டது. வருமானத்தைச் சொல்லாதவர்களில் வசதியானவர்களே அதிகம் என்று பொருளாதாரப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். காலிக் கட்டத்தைக் கவனி என்று கம்ப்யூட்டர் வாத்தியார் தொண்டை கிழியக் கத்தியதையும் கேட்டவன். இரண்டு படிப்பும் ஒரே மண்டைக்குள் இருந்தும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

வார்டனிடம் ஓடினேன். "எல்லாருக்கும் சாவி குடுத்தாச்சுப்பா. இப்போ யாரைப் போய் வெளியே போன்னு சொல்றது? அடுத்த வருஷம் சரி பண்ணிக்கலாம்" என்றார். எனக்குக் கிடைத்த இடத்தை ஒல்லிக்குக் கொடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. அது இன்னும் கேவலம்.

அறையில் ஒல்லி பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். "நீ எழுதினதுல தப்பு இருக்காதுடா. எங்களை விடக் கஷ்டப்படறவங்க இருப்பாங்க" என்று என்னையே தேற்றினான். தாங்க முடியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அப்போ, அம்மா சம்பளத்தை எழுதாம விட்டிருந்தா எனக்குக் கெடச்சிருக்கும்?"

"ஆமாடா."

என் கன்னத்தில் இரண்டு வைத்திருந்தால் தேவலை. அவன் சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்தான்.

"தங்கச்சி அடுத்த வருஷம் இங்கதான் சேரப்போறா. எதையும் மறைக்காம எழுதுன்னு சொல்லி வச்சிருந்தேன். அவகிட்ட இப்போ என்னடா சொல்றது?"