நாலு சதவீதம்

கார்மேகத்துக்குப் பதினெட்டு சதவீதம், எனக்கு நாலு. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

இரண்டு பேரும் ஒரே ரூம், ஒரே ஷிஃப்ட், ஒரே விபத்து. ராஸ் அல் கைமா சிமெண்ட் ஆலையில், 2006 மே மாதம், சூளை அடைப்பை எடுக்கும்போது கொதிக்கும் தூள் எங்கள் மேல் பாய்ந்தது. எனக்கு வலது தோளிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துபோனது. அவனுக்கு முழங்காலுக்குப் பின்னால் உள்ளங்கை அளவு. அந்த உள்ளங்கைக்குத்தான் பதினெட்டு சதவீத ஊனமாம், அதற்கேற்ற நஷ்டஈடாம்.

"நீளத்தை மட்டும் பாக்க மாட்டாங்க உமாபதி. தழும்பு எவ்வளவு ஆழம், மூட்டு எவ்வளவு மடங்குது, அதுதான் கணக்கு" என்றார் ஹபீப் முகம்மது. கம்பெனியில் விசா, ஆஸ்பத்திரி வேலைகளைப் பார்க்கும் கீழக்கரைக்காரர்.

மெடிக்கல் கமிட்டியில் டாக்டர் கையைத் தூக்கச் சொன்னபோது பல்லைக் கடித்துக்கொண்டு காதுவரை தூக்கிவிட்டேன். வலிக்கிறதா என்றார். இல்லை என்றேன். வலி என்றால் அன்ஃபிட் போட்டு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். வளைகுடா வந்த நாளாக எந்த டாக்டரிடமும் அப்படிச் சொல்லித்தான் பழக்கம். கார்மேகமோ கொஞ்சமும் கூசாமல் "மடக்க முடியல சார்" என்றிருக்கிறான்.

அதன்பின் அவன் எது செய்தாலும் எனக்கு ஆகவில்லை. போனில் பெண்டாட்டி விஜியிடம் அவன் சிரித்தால் எனக்குச் சோறு இறங்காது. நொண்டுவதுகூட நடிப்பாகத் தெரிந்தது. கடைசியில் ஹபீப் பாயிடம் போனேன்.

"ரூம்ல சம்மணம் போட்டுத்தான் பாய் சாப்பிடுறான். கமிட்டியில நடிச்சிட்டான்."

பச்சைப் பொய். கட்டிலில் காலை நீட்டியபடிதான் சாப்பிடுவான். கம்பெனி இதற்காகவே காத்திருந்ததுபோல மறுபரிசோதனை கேட்டது. சாட்சிக்கு என்னையும் கூட்டிப்போனார்கள்.

டாக்டர் தழும்பைக் கிள்ளி நகர்த்திப் பார்த்தார். நகரவில்லை; தோல் உள்ளே தசையோடு ஒட்டிப்போயிருந்தது. காலைப் பிடித்து மடக்கினார். பாதிக்கு மேல் போகவில்லை. கார்மேகத்தின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பதினெட்டில் மாற்றமில்லை என்றார் டாக்டர்.

ஹபீப் பாய்க்குப் பொறுக்கவில்லை. "உம்ம மேல புகார் சொன்ன ஆளு இவன்தான், தெரியுமா?"

"தெரியும் பாய். ரூம்ல வேற யாரு இருக்கா" என்றான் கார்மேகம். "அது கெடக்கட்டும். வந்ததோட இவன் கையையும் பாக்கச் சொல்லுங்க. அன்னைக்குப் பயந்துக்கிட்டு இல்லேன்னுட்டான். தோளுக்கு மேல தூக்குனா உசுரு போகுது அவனுக்கு. டெய்லி சட்டையே நான்தான் மாட்டிவிடுறேன்."

டாக்டர் என் சட்டையைக் கழற்றச் சொன்னார். கார்மேகம் நொண்டிக்கொண்டு வந்து ஒவ்வொரு பட்டனாக அவிழ்த்தான்.

"சொல்லுடா. வலிக்குதுன்னு சொல்லு."

வலிக்கிறது என்றேன். அப்போதும் அவன்மேல் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. அவன் இடத்தில் நான் இருந்திருந்தால், காட்டிக்கொடுத்தவனுக்காக வாயைத் திறந்திருக்க மாட்டேன்.